ஏழு வீட்டுச் சளி

சென்ற மாதம் ஓசூரில் ஒரு திருமண மண்டபம். பந்திக்குக் காத்திருந்த வேளையில், நான் முன்பு பணியாற்றிய கால்நடை மருந்தகத்தின் இப்போதைய உதவியாளர் தமது கைப்பேசியை என் முன் நீட்டினார். இனிமேல் நோய்ப் பதிவேடு என்ற தடித்த நோட்டு கிடையாதாம்; எல்லாம் செயலியில்தானாம். கோழிகளுக்கு மூச்சு நோய் கண்டால் விடையளிக்க வேண்டிய கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நான்காவது கேள்வியில் என் கண் நின்றுவிட்டது. ‘அண்மையில் புதிய கோழிகள் வாங்கப்பட்டனவா? ஆம். இல்லை.’

காகிதத்தில் இருந்த அதே கேள்வி, ஒரு சொல்லும் மாறாமல் கண்ணாடித் திரைக்குக் குடிபெயர்ந்திருந்தது.

“என்னாங்கய்யா, தனியா சிரிக்கிறீங்க?” என்றார் அவர். அதற்குள் பந்திக்கு அழைத்துவிட்டார்கள். சாம்பார் ஆறுவதற்குள் சொல்லி முடிக்கக்கூடிய விஷயமன்று அது. எனவே எழுதித் தருவதாக வாக்களித்தேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளியில் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். மருந்தகத்தில் தரை கழுவும் தற்காலிகப் பணியாளாகச் சேர்ந்து, கால்நடைப் பராமரிப்பு உதவியாளராக ஓய்வு பெற்றேன். இடைப்பட்ட ஆண்டுகளில் மாட்டின் மூக்கைப் பிடிக்கவும், ஆட்டின் வாயைத் திறக்கவும், கோழியின் இறகு நோகாமல் அதை அக்குளில் இடுக்கவும் கற்றேன். மருந்தகத்துக்கு வரும் சுற்றறிக்கைகளையும் செய்தித்தாளையும் வாசித்தே எழுத்து நடையைக் கற்றேன். ஆகவே என் நடையில் அரசாங்க வாடை அடித்தால் பொறுத்தருள வேண்டும். எங்கள் பகுதியில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வேண்டும். மாட்டுக்காரர்கள் ஏதாவது ஒன்றில் திட்டுவார்கள். கோழி வளர்ப்போர் மூன்றிலும் திட்டுவார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு பெண் மருத்துவர் மாற்றலாகி வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வயதில் என் மகளை ஒத்தவர். ஊரார் அனைவரும் ‘டாக்டரம்மா’ என்றே அழைத்தார்கள், நானும் அப்படியே. அவர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அதற்குப் பதிலாக அவரிடம் ஒரு கேள்வி இருந்தது. நாம் எதைச் சொன்னாலும் நம் முகத்தைப் பார்த்து, “பார்த்தீங்களா, கேட்டீங்களா?” என்பார். “மாடு நேத்திலிருந்து தீனி எடுக்கல்லீங்கம்மா” என்றால், “பார்த்தீங்களா, கேட்டீங்களா?” அவருடைய சிறிய குறிப்பேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே ஒரு கோடு இருக்கும். இடப்புறம் பார்த்தது, வலப்புறம் கேட்டது. என் நீண்ட பணிக்காலத்தில் நான் சேர்த்து வைத்திருந்த அறிவில் பெரும்பகுதி வலப்புறத்தைச் சேர்ந்தது என்பதை அந்தக் கோடு எனக்கு ஒரே வாரத்தில் தெரிவித்துவிட்டது.

இனி ஊருக்கு வருகிறேன். தளி சாலையிலிருந்து பிரிந்து உள்ளே செல்லும் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம்; அங்குள்ளோர் இன்னும் என்னோடு பேசிக்கொண்டிருக்கிறார்கள். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து வந்து பெண்களை ஏற்றிச் செல்லும். அவர்கள் போனபின் தெருவில் மிஞ்சுபவை வயதானோரும் கோழிகளும்தாம்.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. நல்ல சேவலை எல்லா வீடுகளிலும் வளர்ப்பதில்லை. திம்மராயப்பா என்ற விவசாயியிடம் ஒரு சேவல் இருந்தது. கழுத்து செம்பு நிறம், வால் கருநீலம், நடையில் ஊராட்சித் தலைவர் தோற்றார். கோழி வைத்திருக்கும் வீடுகள் அதை முறைவைத்து மூன்று நான்கு நாட்களுக்கு வாங்கிச் செல்லும். தங்கும் வீட்டில் அதற்கு ராகி, உடைத்த சோளம், தனிக் கிண்ணத்தில் தண்ணீர். ஊர்ப் பெண்கள் அதை ‘மாப்பிள்ளை’ என்றே அழைத்தார்கள். அதற்கு வாடகை கிடையாது. திம்மராயப்பாவுக்குக் கிடைத்தது பெருமை மட்டுமே. அது அவருக்குப் போதுமானதாகவும் இருந்தது.

அந்த ஆண்டு கோழிக்கழிச்சல் தடுப்பூசிப் பணிக்காக நான் அவ்வூருக்கு அடிக்கடி சென்றேன். மொபெட்டின் முன்னால் மருந்து வைக்கும் ஐஸ் பெட்டி, கைப்பிடியில் ஒரு காக்கிப் பை. ஊசி போட்டு முடித்துக் கிளம்பும்போது யாராவது ஒருவர், “அண்ணா, போற வழிதானே, இதக் கொஞ்சம் அந்த வூட்ல வுட்டுடுங்க” என்று எதையாவது நீட்டுவார். கறிவேப்பிலை, திருமணப் பத்திரிகை, மாத்திரைச் சீட்டு என எல்லாம் என் பையில் பயணம் செய்திருக்கின்றன. மறுப்பது என் இயல்பன்று.

தடுப்பூசிப் பணி முடிந்து சில நாட்களில் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அழைத்தவர் செல்வி. சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வந்தவர். ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கணவருக்கு ஜூஜுவாடியில் கிடங்குக் காவல். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகளுடன், பத்மம்மா என்பவரின் வளாகத்தில் பின்கட்டு வீட்டில் வாடகைக்கு இருந்தார். குடிவந்தபோது தாய் வீட்டிலிருந்து ஐந்து நாட்டுக்கோழிகள் கொண்டுவந்திருந்தார்.

“அண்ணா, கோழிக்கு மூஞ்சி ஒரு பக்கமா வீங்கிக் கெடக்குது. தும்முது. கிட்டப் போனா நாத்தம் தாங்கல” என்றார்.

டாக்டரம்மா அப்போது விடுப்பில் இருந்ததால் நானே சென்று பார்த்தேன். நோய்ப் பதிவேட்டில் முறைப்படி கேள்விகளைக் கேட்டு எழுதினேன். நான்காவது கேள்விக்கு வந்தேன். “அண்மையில் புதிய கோழிகள் வாங்கப்பட்டனவா?”

“எங்கம்மா வூட்லருந்து அஞ்சு கொண்டாந்தேங்கண்ணா. வந்து நாலு மாசம் ஆவுது.”

‘ஆம்’ என்று எழுதினேன். நாலு மாசம் என்பதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. இடம் இல்லாததை நான் எழுதுவதில்லை.

மறுநாள் முதல் மற்ற வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பத்மம்மா வீடு, பக்கத்து வீடு, தெருக்கோடி வீடு எனச் செல்வியையும் சேர்த்து மொத்தம் ஏழு வீடுகள். மற்ற ஆறு வீடுகளிலும் நான்காவது கேள்விக்கு ஒரே விடை: ‘இல்லை’. அவர்கள் பொய் சொல்லவில்லை. எவரும் எந்தக் கோழியையும் வாங்கவில்லை.

பிறகு நடந்ததுதான் என் பணிக்காலத்தில் நான் அழித்துவிட விரும்பும் ஒரு நிமிடம். பத்மம்மா என்னை வழிமறித்தார்.

“ஏங்கண்ணா, இது எந்த வூட்ல ஆரம்பிச்சுது? உங்க நோட்ல இருக்குமே.”

நான் பதிவேட்டைத் திறந்தேன். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டேன். நீதிமன்றத்தில் தீர்ப்பு வாசிப்பவரைப் போல, “பதிவேட்டின்படி முதல் வீடு செல்வியின் வீடு. வெளியிலிருந்து கோழி வந்ததும் அந்த ஒரு வீட்டுக்குத்தான்” என்றேன்.

அவ்வளவே. அன்று மாலைக்குள் ஊர் முழுவதும் தெரிந்துவிட்டது. பேருந்தில் போய்வருகிற பெண், மாநில எல்லையோரக் கறிக்கடை வழியாக நடந்து வருகிறவள், கோழிச்சீக்கைக் கொண்டுவந்துவிட்டாள் என்று பேசிக்கொண்டார்கள். செல்வி தெருக்குழாயில் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடம் நகர்ந்தது. மூன்றாம் நாள் பத்மம்மா, மாத முடிவுக்குள் கோழிகளோடு வீட்டைக் காலி செய்துவிடும்படி சொல்லிவிட்டார். பள்ளி ஆண்டின் நடுவில் அந்தக் குழந்தையை எங்கே சேர்ப்பது? ஓசூருக்குள் அந்த வாடகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது. இதையெல்லாம் செல்வி என்னிடம் சொல்லவில்லை. “வேற வூடு ஏதாச்சும் தெரிஞ்சா சொல்லுங்கண்ணா” என்று மட்டும் கேட்டார். தெரிந்தால் சொல்வதாகக் கூறினேன். நான் வாசித்த அந்த ஒரு வரிதான் அவரை வெளியேற்றுகிறது என்று அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

டாக்டரம்மா விடுப்பிலிருந்து திரும்பினார். பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். “ஏழு வீட்டுக்கும் போகணும். சாயங்காலம் போவோம்” என்றார். காலையில் போனால் என்ன என்று கேட்டதற்கு, “காலையில கோழி நடிக்கும்ண்ணா. அடையிற நேரத்துலதான் உண்மையைப் பேசும்” என்றார்.

அவர் வேலை செய்த முறையை இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஓர் அகலமான பேசின் வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரை ஊற்றச் செய்தார். செருப்புக் காலோடு அதில் நின்றுவிட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும்; வெளியே வரும்போதும் அப்படியே. நோய் குறைவாக இருந்த வீட்டுக்கு முதலில், அதிகமாக இருந்த வீட்டுக்குக் கடைசியில் சென்றார். நான் எப்போதும் வழியில் எது முதலில் வருகிறதோ அங்கேதான் முதலில் நுழைவேன். கோழிகள் கூட்டுக்குள் அடைந்தபின் அவர் கூட்டுக்கு வெளியே குத்தவைத்து அமர்ந்தார். எங்களையும் பேசாதிருக்கச் சொன்னார். பகலில் கொக்கரிப்பில் கரைந்துபோகும் தும்மல்களும், தொண்டைக்குள் தண்ணீர் கொப்பளிப்பது போன்ற சத்தமும் அப்போது தெளிவாகக் கேட்டன. ஒவ்வொரு தும்மலுக்கும் குறிப்பேட்டில் ஒரு கோடு இட்டார். பிறகு ஒவ்வொரு கோழியாக எடுத்து, கண்ணுக்குக் கீழே கட்டைவிரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். கழிச்சலையும் கழுத்தையும் பார்த்தார். மூக்குத்துளையை முகர்ந்தார். இதைக் கண்ட பத்மம்மா முகத்தைச் சுளித்து, “டாக்டரு கோழி மூக்க மோந்து பாக்குறாங்கடி” என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கிசுகிசுத்தார்.

“பூ வாசம் இல்லைங்கம்மா. அழுகுன நாத்தம். அதுதான் எனக்கு வேணும்” என்றார் டாக்டரம்மா, திரும்பிப் பார்க்காமலே.

பஞ்சுக்குச்சியில் மூக்கு நீரை எடுத்துக் கிருஷ்ணகிரி ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஊரையே காலி செய்யும் பெரிய நோய் எதுவும் இல்லை. கோரைசா என்னும் தொற்றுச் சளி என்று விடை வந்தது. பெரும்பாலும் சாகடிக்காது, ஆனால் கோழியை வாட்டி, முட்டையை நிறுத்திவிடும். அதற்குள் ஏழு வீடுகளிலுமாக நான்கு கோழிகள் இறந்திருந்தன. மருந்துப் பொடியைத் தினமும் புதிதாகக் கரைக்க வேண்டும், வேறு தண்ணீர் எதுவும் வளாகத்தில் இருக்கக்கூடாது, மருந்து கொடுக்கும் நாட்களிலும் அதற்குப் பின் ஒரு வாரமும் முட்டையைத் தின்னக்கூடாது என்று சொன்னார். கடைசி விதிக்குத்தான் எதிர்ப்பு பலமாக இருந்தது.

மருந்து தொடங்கியாயிற்று. ஆனால் நோய் வந்த வழி தெரியவில்லை. தெரியாவிட்டால் மறுபடியும் வரும். டாக்டரம்மா ஏழு வீட்டாரையும் பால் சொசைட்டி வாசலில் மாலை நாலரை மணிக்குக் கூடச் சொன்னார். எப்படியும் பால் ஊற்ற வருவார்கள். செல்வியும் வந்தார். மற்றவர்களிடமிருந்து சற்று விலகிச் சுவரோரம் நின்றார்.

“செல்வி வூட்லருந்துதாங்க வந்துது. நோட்லயே இருக்குது” என்று தொடங்கினார் பத்மம்மா.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். “பார்த்தீங்களா, கேட்டீங்களா?”

“பதிவேட்டில்…” என்று இழுத்தேன்.

“பதிவேட்ல முதல்ல இருக்கிறது முதல்ல சொன்னவங்க. முதல்ல நோய் வந்தவங்க இல்ல.” பிறகு கூட்டத்தைப் பார்த்து, “உங்க வீட்ல முதல் கோழி தும்முனது என்னைக்கு?” என்றார்.

தேதி எவருக்கும் நினைவில்லை. ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு வேறு நாட்காட்டி உண்டு. ஏரியில் மீன் பிடித்த நாள், மின்சாரம் நாள் முழுக்க இல்லாத நாள், தக்காளி லாரி சேற்றில் புதைந்த நாள் என்று ஒவ்வொருவராகச் சொல்ல, அவர் வரிசைப்படுத்தினார். தெருக்கோடி வீடு முதலில். பிறகு இரண்டு வீடுகள். பிறகு பத்மம்மா. அதன்பின் மேலும் இரண்டு. எல்லாவற்றிலும் கடைசியாக, தக்காளி லாரிக்கு மறுநாள், செல்வி.

“உங்க கோழி தும்மி ஒரு வாரம் கழிச்சுத்தான் அவங்க கோழி தும்மியிருக்கு” என்றார் பத்மம்மாவிடம். “ரெண்டு பேர் கோழியும் ஒரே தொட்டியிலதான் தண்ணி குடிக்குது. நான் பார்த்தேன்.”

பத்மம்மா பால் கேனின் மூடியைத் திருகத் தொடங்கினார். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது.

“சரி. புதுக்கோழி வாங்கினீங்களான்னு இனிமே கேட்கப்போறதில்ல. போன ஒரு மாசத்துல உங்க வீட்டு வாசல்ல வந்து தங்கிட்டுப் போன உயிர் எதெல்லாம்? மனுஷன், ஆடு, பூனை, எதுவா இருந்தாலும் சொல்லுங்க.”

கூட்டம் கலகலப்பானது. ஒரு மைத்துனர், ஒரு கன்றுக்குட்டி, காவிரிக்கரையிலிருந்து வந்த ஒரு சித்தப்பா என்று பட்டியல் நீண்டது. தெருக்கோடி வீட்டுப் பெண், “எங்க வூட்டுக்கு மாப்பிள்ளதாங்க வந்தாரு” என்றார். அடுத்தவரும், “எங்க வூட்டுக்குந்தான்” என்றார். மூன்றாமவரும், பிறகு பத்மம்மாவும் அதையே சொன்னார்கள்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. “நாலு வீட்டுக்கும் ஒரே மாப்பிள்ளையா?”

சிரிப்பு அடங்கச் சற்று நேரம் பிடித்தது. பால் ஊற்ற வந்திருந்த திம்மராயப்பா முன்னால் வந்து, நெஞ்சை நிமிர்த்தி, “நம்ம சேவலுங்கம்மா” என்றார். “அவனுக்கு ஒண்ணும் இல்ல. ஏனூ ஆகல்ல அவனிகெ.” எதுவும் அண்டாது அவனை என்று கன்னடத்திலும் உறுதி கூறினார்.

“அவனுக்குச் சளி வந்ததா?”

“வந்துது. அத்திப்பள்ளில எங்க பாவமைதன், அதான் மச்சான், வூட்டுக்குப் பத்து நாள் போய்ட்டு வந்தான். வந்ததும் தும்மல். மூஞ்சி லேசா வீக்கம். நான் சின்ன வெங்காயம், மொளகு அரைச்சு அவனுக்கும் எங்க கோழிங்களுக்கும் ஊத்துனேன். நாலு நாள்ல எழுந்துட்டான். சீக்க ஜெயிச்ச சேவலுன்னு அதுக்கப்பறந்தான் எல்லாரும் முன்னவிட ஜாஸ்தியா கேட்டாங்க.”

டாக்டரம்மா அதைக் குறித்துக்கொண்டார். பிறகு பொறுமையாக விளக்கினார். இந்தச் சளியில் பிழைத்த கோழி பார்வைக்கு முழு நலத்துடன் இருக்கும். ஆனால் கிருமி மூக்கில் குடியிருக்கும். நோய் பரவ அது குடிக்கும் தண்ணீர்க் கிண்ணம் ஒன்றே போதும்; அங்கிருந்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் தாவும்.

திம்மராயப்பாவின் நெஞ்சு மெல்ல இறங்கியது. “எல்லா வூட்டுக்கும் இவன்தானா?” என்று தமக்குள் சொல்லிக்கொண்டார்.

“தெருக்கோடியிலிருந்து, நோய் வந்த அடுத்த வீடு அரை மைல். சேவல் தானா நடந்து போயிருக்காது. யார் கொண்டுபோனாங்க?” என்றார் டாக்டரம்மா.

எல்லோரும் மரியாதை கருதித் தரையைப் பார்த்தார்கள். திம்மராயப்பா மட்டும், எனக்கு உதவி செய்வதாக எண்ணி, “நம்ம அண்ணாதாங்கம்மா. பாவம், போற வழிதானேன்னு ஒவ்வொரு வூட்டுக்கும் பையில வெச்சுக் கொண்டுபோய் வுட்டாரு” என்றார்.

காக்கிப் பையிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, என் முழங்காலருகே காற்று வாங்கியபடி வந்த அந்தச் செம்புக் கழுத்து என் கண்முன் நின்றது. நான்கு முறை. ஒருமுறை தும்மியதுகூட நினைவிருந்தது. புழுதி என்று நினைத்து வேகத்தைக் குறைத்தேன்.

டாக்டரம்மா என்னிடம் “பார்த்தீங்களா, கேட்டீங்களா” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். குறிப்பேட்டை மூடிவிட்டு, “பதிவேட்டைத் திருத்திடுங்கண்ணா” என்றார். அவ்வளவுதான்.

நான் அங்கேயே, பால் சொசைட்டி மேசைமேல் பதிவேட்டை விரித்தேன். ஏழு வீடுகளையும் நோய் தொடங்கிய வரிசையில் மறுபடி எழுதினேன். செல்வியின் பெயர் ஏழாவதாக வந்தது. கீழே, படிவத்தில் இடம் இல்லாத இடத்தில், ஓரத்தில் நெருக்கி எழுதினேன்: ‘நோய் பரவிய வழி: இரவலாகச் சென்ற சேவல். கொண்டு சென்றவர்: கால்நடைப் பராமரிப்பு உதவியாளர்.’ என் பெயரையும் எழுதிக் கையொப்பமிட்டேன். முன்பு தீர்ப்பு வாசித்ததைப் போலவே பதிவேட்டைக் கையிலெடுத்தேன். எல்லோருக்கும் கேட்குமாறு வாசித்தேன். பிறகு செல்வியைப் பார்த்து, “நான் அன்னிக்கு வாசிச்சது தப்பும்மா” என்றேன்.

சுவரோரம் நின்றிருந்த செல்வி, பத்மம்மாவை ஒரு பார்வை பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார்.

“அப்ப மாசக் கடைசிக்குள்ள காலி பண்ண வேண்டியது நீங்களாண்ணா?”

முதலில் சிரித்தவர் டாக்டரம்மா. அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பத்மம்மா சிரிக்கவில்லை. பால் கேனைத் தூக்கிக்கொண்டு, செல்வியைக் கடக்கும்போது, “வா போலாம், உம்பொண்ணு வந்துட்டிருக்கும். கதவு பூட்டிக் கெடக்குது” என்றார். இருவரும் ஒன்றாகவே நடந்து சென்றார்கள். காலி செய்வது பற்றிப் பிறகு எவரும் பேசியதாக நான் கேட்கவில்லை. அவர்கள் அதே பின்கட்டில் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

சேவலைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒன்று குழம்பு, அல்லது வீட்டை விட்டு வெளியே அனுப்பாமல் வைத்திருப்பது என்று டாக்டரம்மா சொன்னார். “அவன நான் எப்படிங்கம்மா திங்கறது?” என்றார் திம்மராயப்பா. எனவே வீட்டுக்காவல். அவருடைய கோழிகளோடு மட்டும் வாழ்ந்து, மீதிக் காலத்தை அவருடைய மாந்தோப்பின் வேலிக்குள் கழித்தது. நோயிலிருந்து மீண்ட ஏழு வீட்டுக் கோழிகளும் அவரவர் வேலியைத் தாண்டக்கூடாது, அவற்றோடு புதிதாக எதையும் சேர்க்கக்கூடாது என்பதும் விதி. ஊரார் அதைக் கடைப்பிடித்தார்கள்.

திருமண மண்டபத்தில் செயலியைக் காட்டிய தம்பிக்கு நான் சொல்ல விரும்பியது இதுதான். ‘ஆம்’ ‘இல்லை’ என்ற இரண்டு பொத்தான்களில் ஒன்றை அழுத்துவதற்கு முன், அந்த வாசலில் தங்கிச் சென்ற எல்லா உயிரையும் பற்றிக் கேளுங்கள். அவை எப்படி வந்தன என்றும் கேளுங்கள். விடை உங்கள் வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருக்கக்கூடும்.

ஓய்வுக்குப் பின்னும் அந்த வழியாகச் செல்ல நேர்கிறது. காக்கிப் பை போய், இப்போது ஒரு துணிப்பை. பத்மம்மாவின் வளாகத்தைக் கடக்கும்போது, ஷிப்டு முடிந்து வந்த செல்வி வாசலில் இருந்தால் போதும். வேலிக்கு மேலே குரல் வந்துவிடும்.

“அண்ணா, பையில யாரு?”

நானும் மொபெட்டை நிறுத்தி, பையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் போகிறேன்.